பின்னால் வரும் சரளைச் சத்தம்

முதலாவது, உள்ளாற்றை ஒட்டி மலைக்கு முதன்முதலில் தடம் வெட்டிய எங்கள் பாட்டன்மாரை, வெட்டி முடித்த தடத்தில் செருப்போடு நடக்கக் கூடாது என்று எஸ்டேட் துரை விலக்கி வைத்தது. இரண்டாவது, அந்தத் தடத்தை லாரிச் சாலையாக அகலப்படுத்தியபோது வெடி வைத்த பாறைக்கு அடியில் செத்த கூலிகளின் சாவைக் கவனக்குறைவு என்று எழுதி மூடியது. மூன்றாவது, அந்தச் சாலையில் எங்களுக்கு ஒரு பஸ் விடு என்று உட்கார்ந்தவர்களைப் போலீஸை விட்டு அடித்தது. என் இடது முட்டி அன்றைக்குப் போனதுதான், ஆனால் அதை மனுவில் சேர்ப்பதில்லை, சொந்த முட்டியைப் பற்றிப் பேசுகிறவன் தலைவன் இல்லை. நான்காவது, அடி வாங்கி வாங்கிய பஸ்ஸை நஷ்டம் என்று சொல்லி நிறுத்தியது. ஐந்தாவது, எஸ்டேட்டை மூடி மக்களைக் கீழே இறக்கியது, இறங்க மறுத்து மேல் லைன் வரிசை வீடுகளிலேயே இருந்த குடும்பங்களுக்கு விளக்கையும் தண்ணீரையும் வெட்டியது. ஆறாவது, அதே சாலையின் தாரைப் பெயர்த்துச் சரளை கொட்டி, மோட்டார் வாகனம் இல்லாத சைக்கிள் பாதை என்று பெயர் வைத்து, அடிவாரத்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டியது. ஏழாவது. ஏழாவது, அந்தக் கேட்டைத் திறக்காததால் மேல் லைன் தங்கபுஷ்பம் செத்தது. கேட்டைத் திறக்காதது. திறக்காதது யார்? இங்கேதான் ஒவ்வொரு முறையும் நிற்கிறது. சைக்கிள் மிதி இரண்டு சுற்று வருவதற்குள் முதலாவதில் இருந்து ஆறாவது வரை வழுக்கிக்கொண்டு வருகிறது, நாற்பது வருஷ மேடைப் பழக்கம், மூச்சு இரைக்கும்போதும் வரிசை மாறாது. ஏழாவதில் மட்டும் சக்கரம் மணலில் புதைந்த மாதிரி நாக்கு புதைகிறது. மறுபடி முதலில் இருந்து. முதலாவது, உள்ளாற்றை ஒட்டி.

காட்டுக்குள் இப்போது வேறு சத்தமே இல்லை. அதைத்தான் விற்கிறார்கள். பெங்களூரில் இருந்தும் சென்னையில் இருந்தும் வண்ண வண்ணமாக இறுக்கிப் பிடித்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறார்கள், ஹாரன் இல்லை, புகை இல்லை, என்ன ஒரு அமைதி என்கிறார்கள். லாரி ஓடிய காலத்தில் இந்த வளைவில் ஒருவன் என்னை அடிக்க வந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு டிரைவர் வந்துவிடுவான், அவன் பார்த்துவிடுவான், அவன் வாய் சும்மா இருக்காது. பஸ் வந்த காலத்தில் ஜன்னல் நிறைய முகம். இப்போது ஒருவன் ஆற்றுக்குள் விழுந்தால் மரம்தான் பார்க்கும். தங்கபுஷ்பம் சாவு பற்றிய விசாரணை இன்றைக்கு என்பதால் சுற்றுலாக்காரர்களுக்கும் விடுமுறை விட்டுவிட்டார்கள். இடது பக்கம் மலை, வலது பக்கம் இறக்கம், அதன் அடியில் உள்ளாறு, நீர் தெரியவில்லை, இலைகளுக்கு அடியில் யாரோ தொண்டையைச் சரிசெய்துகொண்டே இருக்கிற மாதிரி ஒலி மட்டும். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. பச்சையை நம்பி நான் எப்போதும் கட்டுரை எழுதியதில்லை. துண்டறிக்கை எழுதுகிறவனுக்குக் கறுப்பு மையும் மட்டமான தாளும் போதும். நான் படித்தது எல்லாம் அந்தத் தாளில்தான், பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி, ஆனால் இந்த மலையில் என் கையெழுத்தைக் கண்டு தூக்கம் கெட்ட மேனேஜர்கள் எத்தனை பேர். டாக்டர் பட்டம் வாங்கினவனும் என்னிடம் பேசும்போது முதலில் நாற்காலியைத் தேடுவான். சரளை டயருக்கு அடியில் பல் கடிக்கிறது. கறுக், கறுக். என் டயர். அப்புறம் நான் மிதிப்பதை நிறுத்தி வண்டியை ஓடவிட்டால் என் டயர் சத்தம் மாறுகிறது, ஆனால் இன்னொன்று மாறாமல் வருகிறது. பின்னால். ஒரு வளைவு தள்ளி. நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்வலத்தின் முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவன் கலைந்துவிடுவான், அது ஒரு பழக்கம், கழுத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு ஊர்வலம் இல்லை. நான் ஒருத்தன். பின்னால் ஒருத்தன். அது யார் என்று எனக்குத் தெரியும். கேட்டில் எனக்கு இந்த சைக்கிளை எடுத்துக் கொடுத்தவன். அன்றைக்குக் கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டைத் திறக்காமல் நின்றவன். என் மகன்.

காலையில் கேட்டில் என்னுடைய பழைய சைக்கிளை உள்ளே விட முடியாது என்றான். இந்தப் பாதைக்குத் தடித்த டயர் வேண்டுமாம். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், தங்கபுஷ்பம் செத்த நாளில் இருந்து பேசுவதில்லை, சோற்றுத் தட்டைக்கூட மருமகள் மூலமாகத்தான் கேட்கிறேன், கேட்டில் மட்டும் பேச வேண்டியதாகிவிட்டது. “ஹெல்மெட் போடுங்க” என்றான். “லத்தியடி வாங்கிப் பழகுன தல, சரளைக்கு ஒண்ணும் ஆவாது” என்றேன். “ரூல்ஸ்” என்றான். “ரூல்ஸ் யார் போட்டது?” “அப்பா, காலைலயே ஆரம்பிக்காதீங்க.” தலையில் அவனே மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்தான், விரல் என் தொண்டையில் பட்டது, குளிர்ந்த விரல், சாவியைப் பிடித்துப் பிடித்துக் குளிர்ந்த விரல். அப்புறம் வண்டியை முன்னும் பின்னும் உருட்டிக் காட்டினான். “பிரேக் பாத்தாச்சா?” என்று கேட்டேன். “நான்தான் பாத்தேன்” என்றான். நான்தான் பார்த்தேன். சாதாரணப் பேச்சு. சைக்கிள் கொடுக்கிற வேலைக்காரன் நூறு பேரிடம் சொல்கிற பேச்சு. ஆனால் கேட்டைத் தாண்டி முதல் ஏற்றம் ஏறும்போது அது என்னோடு ஏறி உட்கார்ந்துகொண்டது. நான்தான் பார்த்தேன். ஏன் ‘பார்த்தாச்சு’ என்று சொல்லவில்லை? ஏன் என் கண்ணைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான்? ஏற்றத்தில் பிரேக் தேவைப்படாது. இந்தப் பாதை முக்கால்வாசி ஏற்றம்தான், கடைசியில் மட்டும் கொக்கிறக்கம் வரும், நேராக ஆற்றுக்குள் விழுகிற மாதிரி ஒரு இறக்கம், அதன் அடியில் கைப்பிடி இல்லாத பலகைப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் பங்களா. பங்களாவில்தான் விசாரணை. சம்பவம் நடந்த இடத்திலேயே விசாரித்தால்தான் உண்மை வெளிவரும் என்று பாதையை நடத்துகிற கம்பெனி சொல்லியிருக்கிறது, அதிகாரியும் சரி என்றிருக்கிறார். கீழே இருந்து சாட்சி சொல்ல எத்தனை பேர் சைக்கிள் மிதித்து ஏறுவார்கள் என்று கணக்குப் போட்டுத்தான். அதிகாரி மட்டும் பேட்டரி காரில் போய்விட்டார். அது மோட்டார் வாகனம் இல்லையாம். பேட்டரிதானாம். அன்றைக்கு ஆம்புலன்ஸுக்கு ஒரு பேட்டரி மாட்டியிருந்தால் தங்கபுஷ்பம் பிழைத்திருப்பாள்.

தங்கபுஷ்பத்துக்கு இந்தப் பாதையில்தான் வேலை. சரளையில் விழும் இலையைப் பெருக்குவது. ஈர இலையில் டயர் வழுக்கும், வருகிறவர்கள் கீழே விழுவார்கள், ஆகவே இந்தக் காட்டில் இலை விழக் கூடாது. இலையைக் கூட்டிக் குவித்தவளைக் குவியலுக்குள் இருந்து விரியன் கடித்தது. தொம்மை, அவள் புருஷன், அவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டான், கட்டிலை இரண்டு சைக்கிளுக்கு நடுவே கட்டினான், லைன் ஆட்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் அடிவாரத்தில் இருந்தேன். ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது, மருந்து அதற்குள் இருந்தது, அவள் கேட்டுக்கு உள்ளே மலையில் இருந்தாள், நடுவில் என் மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். அன்றைக்குக் கம்பெனியின் பெரிய விருந்தாளிகள் மேலிருந்து கூட்டமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே வண்டி போகக் கூடாது. “சரி சார்” என்றான். கொஞ்ச நேரம் கேட்டான். மறுபடியும் “சரி சார்” என்றான். ஆம்புலன்ஸ்காரர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மூன்றாம் வளைவில் கட்டிலைச் சந்தித்தார்கள், அதற்குள் முடிந்துவிட்டது. இப்போது நான் மூன்றாம் வளைவை எப்போது தாண்டினேன்? தாண்டிவிட்டேனா? ஒரு பலகை இருந்தது, ‘அமைதி காக்கவும்’ என்று. அதுதான். தாண்டிவிட்டேன். அந்த இடத்தில் இறங்கி நிற்பேன் என்று நினைத்திருந்தேன். பின்னால் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததில் தாண்டிவிட்டேன். இதையும் அவன் கணக்கில் எழுதுகிறேன்.

அவன் எழுதிக் கொடுத்திருக்கும் வாக்குமூலத்தைத் தொம்மை பார்த்துவிட்டு வந்து சொன்னான். அன்று போனில் சிக்னல் இல்லை. யாரும் கேட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்களே உள்ளே வேண்டாம் என்றார்கள். அதில் இருப்பது இவ்வளவுதான். “ஒம்ம மவன் எழுதுனதுதானா வே இது?” என்று தொம்மை கேட்டான், கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். கம்பெனி எழுதியது, இவன் கையெழுத்துப் போட்டான். எழுதிக் கொடுத்தவன் பெயர் அதில் இல்லை. போனில் பேசியவன் பெயரும் இல்லை. அந்தப் பெயர் என் மகனுக்கு மட்டும்தான் தெரியும். அவனைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால்தான் வரும். கூண்டில் ஏற்ற வேண்டுமானால் அவன் பெயர் மனுவில் வர வேண்டும். விசாரணை அதிகாரி, சின்ன வயது அம்மா, முதல் நாளே சொல்லிவிட்டார். “பெரியவரே, ‘நிர்வாகம்’னு எழுதினா நான் யாருக்கு சம்மன் அனுப்புறது? யார் செஞ்சாங்களோ அவங்க பேரு வேணும். நீங்களே சாட்சிகள் முன்னால வாய்விட்டு வாசிக்கணும். இல்லைன்னா இது துண்டறிக்கை, புகார் இல்லை.” துண்டறிக்கை இல்லை என்றால் வேறு என்ன அம்மா, என் பிழைப்பே அதுதான். எங்கள் சங்கத்தில் தனியாள் பெயரை எழுதுவதில்லை. அது சட்டம் மாதிரி. கங்காணி அடித்தால் ‘நிர்வாகம் அடித்தது’ என்று எழுதுவோம். டீ ஃபேக்டரி மேஸ்திரி எடையில் ஏமாற்றினால் ‘நிர்வாகம் ஏமாற்றியது’. ஆள் பெயரைச் சொன்னால் அந்த ஆளை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு முதலாளி கையைத் துடைத்துக்கொள்வான் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன், லைன் லைனாகப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன், இன்றைக்கும் அது தப்பு என்று நினைக்கவில்லை. ஆனால் இந்தக் கேட் விஷயத்தில் நிர்வாகம் எங்கே இருக்கிறது? சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறது என்கிறார்கள். அதற்குக் கை இல்லை, சாவி இல்லை. சாவி இருந்தது ஒருவன் கழுத்தில். பெயரைச் சொன்னால் அவன் மாட்டுவான். சொல்லாவிட்டால் எல்லாரும் தப்புவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற அகலம்கூட இல்லை.

உள்ளூர் ஆளுக்கே வேலை கொடு என்று இந்தப் பாதை திறந்தபோது நாங்கள் கேட்டோம், கொடுத்தார்கள், முதல் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். என் வாயை அடைக்க. என் வாய் அடைபடவில்லை, அது வேறு. அவனுக்குப் பெயர் வைத்த நாளில் நான் மேடையில் இருந்தேன். ஃபேக்டரி வாயில் கூட்டம், போனஸ் போராட்டம் ஜெயித்த மறுநாள், பெண்டாட்டி பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேடையில் கொடுத்தாள், எங்கள் வழக்கம் அது, கோயிலில் வைப்பதில்லை, ஜோசியக்காரனிடம் எழுத்துக் கேட்பதில்லை, கூட்டத்தில் வைப்பது. அதிலும் என் பிள்ளைக்கு ஓட்டெடுப்பு. இரண்டு பெயர். கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு பெயருக்கு ஒரு காடு மாதிரி கை எழுந்தது, இலை பறித்துக் கறுத்த விரல்கள். தொம்மை அப்போது மீசை முளைக்காத பயல், இரண்டு கையையும் தூக்கிவிட்டான். “லேய் தொம்ம, ஒனக்கு ஒரு ஓட்டுதாம்லே!” என்று யாரோ கத்தினார்கள். “ஒரு கை எனக்கு, ஒரு கை எனக்கு வரப்போற பொண்டாட்டிக்கு” என்றான். கூட்டமே சிரித்து உருண்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் பெயரை மைக்கில் வாசித்தேன். பிள்ளை பயந்து அழுதது. பொண்டாட்டிக்குத் தூக்கிய கை. அந்தப் பொண்டாட்டிதான். நிறுத்து. முதலாவது, உள்ளாற்றை ஒட்டி மலைக்கு.

சத்தம் நெருங்கிவிட்டது. இப்போது இரண்டு டயரும் ஒரே சரளையை மெல்லுகின்றன. மூச்சுகூடக் கேட்கிறது, அவன் மூச்சு, எனக்கு இரைப்பது போல் இரைக்கவில்லை, சீராக வருகிறது, வேலையாக வருகிறவன் மூச்சு. “அப்பா, நில்லுங்க.” நான் நிற்கவில்லை. “நின்னா திரும்ப ஏற மாட்டேன். முட்டி ஒறைஞ்சிரும்.” “உங்களத் திருப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லிருக்காவ.” “யாரு சொல்லிருக்காவ?” பின்னால் கியரை மாற்றினான். “அதத்தான் நானும் கேக்கேன். அன்னைக்குப் போன்ல சொன்னவரும் இன்னைக்கு ஒன்னய அனுப்புனவரும் ஒரே ஆளா?” அப்புறம், மெதுவாக, பக்கத்தில் வந்துவிட்டான், நானும் விளிம்புக்கு ஒதுங்கிவிட்டேன், ஏன் ஒதுங்கினேன், விளிம்பில் அவன்தானே போக வேண்டும், “எம் பேர வாசிக்கப் போறீங்கன்னு தொம்மண்ணன் சொன்னாரு. வாசிச்சா நான் ஒருத்தன் உள்ள போவேன். மத்தவன் பூராத் தப்பிச்சிருவான். நீங்கதான லைன் லைனாப் போய்ச் சொல்லிக் குடுத்தீங்க?” என் வார்த்தை. என் வார்த்தையை என் மேலேயே எறிகிறான். இதற்குப் பதில் மேடையில் என்றால் உடனே வந்திருக்கும். “போன்ல பேசுனவன் பேர நீயாச் சொல்லு. நான் ஒம்பேர அடிச்சிருதேன்.” “சொன்னா என்னய இருக்க விட மாட்டாவ. எனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு.” “தொம்மைக்கும் பொண்டாட்டி இருந்தா.” முன்னால் மரங்கள் விலகின, வெளிச்சம் விழுந்தது, பாதை சட்டென்று காணாமல் போன மாதிரி இருந்தது. கொக்கிறக்கம்.

வண்டி கவிழ்ந்தது போல் முன்னால் சாய்ந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தது, பிடித்தது போல் இருந்தது, அப்புறம் பின்சக்கரம் சரளையில் வழுக்கியது, கீழே ஆறு தெரிந்தது, முதல் முறையாக நீர் தெரிந்தது, பாறைக்கு மேல் வெள்ளை வெள்ளையாக. நான்தான் பார்த்தேன். நான்தான் பார்த்தேன். இலை. ஈர இலை கிடக்கிறது. பெருக்க ஆள் இல்லை, அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அப்போதுதான் பின்னால் சீட்டில் ஒரு கை விழுந்தது. என் இடுப்புக்குக் கீழே, சீட்டின் கம்பியை இறுக்கிப் பிடித்த ஒரு கை. தன் வண்டியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் என் வண்டியைப் பிடித்திருக்கிறான். பிடித்திருக்கிறானா? என் வாழ்நாளில் எத்தனையோ கை என் மேல் விழுந்திருக்கிறது, சட்டைக் காலரில், முடியில், மாலை போட, விலங்கு போட, விழுந்த கணத்திலேயே எது எது என்று எனக்குத் தெரியும், அதில் நான் கெட்டிக்காரன், இந்தக் கை தள்ளுகிறதா இழுக்கிறதா என்று தெரியவில்லை. இறக்கத்தில் இரண்டும் ஒன்று போல்தான் இருக்கிறது. உடம்பு முன்னால் போகிறது, கை பின்னால் இருக்கிறது, நடுவில் என் எழுபது வயசு முதுகு. கத்தலாம். யார் கேட்பார்கள். அமைதி காக்கவும். திரும்பிப் பார்த்தால் அவன் முகம் தெரியும், முகம் தெரிந்தால் தெரிந்துவிடும், திரும்பினால் வண்டி போய்விடும். பாலத்துப் பலகைகள் வந்துகொண்டிருந்தன. கைப்பிடி இல்லை. தள்ளுவான் என்றால் இங்கேதான். முட்டியில் அந்தப் பழைய இடம் துடித்தது. சக்கரம் மரத்தில் ஏறியது, தடதடதட என்று பலகை ஒவ்வொன்றும் குரல் கொடுத்தது, அடியில் ஆறு இருமியது, என் வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது, நான்காவது, அடி வாங்கி வாங்கிய பஸ்ஸை, ஐந்தாவது, எஸ்டேட்டை மூடி. பலகை முடிந்து மண் வந்தது. கை விலகியது. விலகியபோதுதான் அது எவ்வளவு பலமாகப் பிடித்திருந்தது என்று சீட்டுக்குத் தெரிந்தது, வண்டி ஒரு முழம் முன்னால் துள்ளியது.

கால் ஊன்றித் திரும்பிப் பார்த்தேன். அவன் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தான், ஒரு காலை ஊன்றி, தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டு. சீட்டுக் கம்பி தோலை உரித்திருந்தது. கழுத்தில் சாவி ஆடிக்கொண்டிருந்தது. “மேல போங்க, நேரமாச்சு” என்றான். அவ்வளவுதான். நன்றி என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை, தோழர்களுக்குள் அது எதற்கு என்று நானே தடை போட்டது. ஒருவேளை இதுவும் தந்திரமாக இருக்கலாம். என்னைக் காப்பாற்றினால் நான் வாசிக்க மாட்டேன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கலாம். இல்லை. இல்லை என்று தெரிகிறது. தெரிவதுதான் கொடுமையாக இருக்கிறது. தள்ளியிருந்தால் வாசிப்பது சுலபமாக இருந்திருக்கும், பாலத்துக்கு அடியில் இருந்துகொண்டே வாசித்திருப்பேன்.

பங்களா முன்கூடத்தில் நாற்காலிகள். அதிகாரி அம்மா, தட்டச்சு செய்கிற ஒருவர், கம்பெனியின் வக்கீல், அவருக்குப் பக்கத்தில் வேலையில்லாமல் சிரித்துக்கொண்டு இருவர். தரையில் மேல் லைன் ஆட்கள். கீழே இருந்து வந்தவன் நான் ஒருத்தன். “என்னவே தலைவரே, சறுக்கி விழுந்தேரோன்னு நெனச்சோம்” என்று தொம்மை எழுந்து என் தலையில் இருந்து ஹெல்மெட்டைக் கழற்றினான், வார் தொண்டையை அறுத்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “தண்ணி குடியும்.” குடித்தேன். சாட்சிகள் யார் என்று அதிகாரி கேட்டார். தரையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். பார்க்கிறேன், முன்வரிசையில் இருக்கிற ஒவ்வொரு கிழமும் அன்றைக்கு ஃபேக்டரி வாயிலில் கையைத் தூக்கினது. அவர்கள் ஓட்டுப் போட்ட பெயர். இன்றைக்கு அதே பெயரைக் கேட்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் தெரியும், யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. “வாசிங்க பெரியவரே.” முதலாவது வாசித்தேன். இரண்டாவது. என் குரல் ஓடிற்று, அது எப்போதும் ஓடும், ஆறாவது வரைக்கும் தூண்களில் மோதி நன்றாகவே ஓடிற்று, கம்பெனி ஆட்களின் சிரிப்புக்கூட நின்றது. ஏழாவது. அப்போது வெளியே சரளையில் ஒரு சைக்கிளைச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. வாசல் நிலைக்கு வெளியே வந்து நின்றான். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். “ஏழாவது” என்றேன், “மேல் லைன் தொம்மை மனைவி தங்கபுஷ்பம் பாம்பு கடித்துக் கிடந்தபோது, ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும், யாரோ ஒருவர் போனில் சொன்னதைக் கேட்டுக் கேட்டைத் திறக்காமல் நின்றவர். போனில் சொன்னவர் யார் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவரை அழைத்துக் கேட்க வேண்டும்.” “யாரு? பேரு சொல்லுங்க” என்றார் அதிகாரி. வக்கீல் பேனாவைத் திறந்தார். தொம்மையின் இரண்டு கைகளும் அவன் மடியில் கிடந்தன, உள்ளங்கை மேலே பார்த்து, எதையோ கீழே வைத்துவிட்ட கைகள் மாதிரி. நான் தாளைப் பார்க்கவில்லை. மைக் இல்லாத காலத்துக் குரலில், வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

“அடிவாரம் செம்புலிங்கம் மகன், சமதர்மன்.”